டொரோத்தியா டிக்ஸின் 1843 மனு: எப்படித் தயாரானது, எங்கே பலித்தது, எங்கே பிசகியது?

#1 · ஏடகம்

மனநோயாளிகளுக்காகப் போராடிய அமெரிக்கச் சீர்திருத்தவாதி டொரோத்தியா டிக்ஸ் பற்றித் தமிழில் வரும் குறிப்புகள் பெரும்பாலும் நாலு வரியில் முடிந்துவிடுகின்றன. 1802-இல் மெய்ன் பகுதியில் ஹாம்ப்டனில் பிறந்தார். பாஸ்டனில் பள்ளி நடத்தினார். 1841 மார்ச் 28, ஞாயிற்றுக்கிழமை, பாஸ்டன் அருகே கிழக்குக் கேம்பிரிட்ஜ் சிறையில் பெண் கைதிகளுக்கு வேதபாடம் நடத்தப் போன இடத்தில், கணப்பு இல்லாத அறைகளில் மனநோயாளிகள் நடுங்கிக் கிடப்பதைப் பார்த்தார். மனம் உருகி 32 மருத்துவமனைகள் கட்டினார். கதை முடிந்தது.

சிறைக்கும் மருத்துவமனைக்கும் நடுவே நடந்த வேலையை இந்தக் குறிப்புகள் விழுங்கிவிடுகின்றன. மனம் உருகியவர்கள் அவருக்கு முன்னாலும் இருந்தார்கள். சிகிச்சை முறையும் அவர் கண்டுபிடித்ததல்ல. இங்கிலாந்தில் யார்க் ரிட்ரீட் 1796-லேயே சங்கிலி போடாமல் நோயாளிகளை நடத்திக் காட்டியது. அமெரிக்காவில் பிலடெல்பியா அருகே குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவினரின் இல்லம் 1817-இல், பாஸ்டன் பக்கம் மெக்லீன் 1818-இல், ஹார்ட்ஃபர்ட் இல்லம் 1824-இல் திறந்தாயிற்று. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கு இடம் இருந்தது. கட்ட முடியாதவர்களுக்கும் அரசுப் பணத்தில் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று சட்டமன்றங்களைச் சம்மதிக்க வைத்ததுதான் டிக்ஸ் செய்த வேலை.

1843-இல் மாசசூசெட்ஸ் சட்டமன்றத்துக்குக் கொடுத்த மனுவில் தொடங்கி, அந்தச் சம்மதத்தை எப்படி வாங்கினார் என்பதைத்தான் இங்கே பேச வேண்டும். ஓட்டுரிமை இல்லை, சட்டமன்றத்தில் எழுந்து பேச வழி இல்லை, பதவியும் இல்லை. படிப்படியாகத் தெரிந்தவர்கள் எழுதுங்கள். குறைகளையும் சேர்த்தே எழுதுங்கள்.

#2 · சுவடிக்கட்டு

நல்ல கேள்வி. மாசசூசெட்ஸை மட்டும் எடுத்துக்கொண்டு வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் அவருடைய நிலைமை. சிறைக்குப் போன அன்று 39 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. நெஞ்சு பலவீனம். 1836-இல் உடம்பு உடைந்து லிவர்பூலில் ராத்போன் குடும்பத்தின் வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் தங்கியிருந்தார். யார்க் இல்லத்தை நடத்திய டியூக் குடும்பத்தின் சிந்தனைகள் அவருக்கு அறிமுகமானது அந்த வட்டாரத்தில்தான். 1837-இல் பாட்டி இறந்ததும் வந்த சொத்தும், 1824-இல் அவர் எழுதி வெளியிட்ட பிள்ளைகளுக்கான பொது அறிவு நூலின் வருமானமும் சேர்ந்து, சம்பளம் இல்லாமல் வாழ வழி செய்தன. இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். யாரிடமும் கூலி வாங்காதவர் என்பதால் “இவருக்கு இதில் என்ன லாபம்” என்ற கேள்வியே எழவில்லை.

சிறையில் பார்த்ததும் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: அந்த அறைகளுக்கு ஒரு கணப்பு. சிறைக்காரர் மறுத்ததால் கிழக்குக் கேம்பிரிட்ஜ் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனார், கிடைத்தது. பெரிய சீர்திருத்தம் எதுவும் பேசவில்லை. கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரு குறையைச் சரியான அதிகாரம் உள்ள இடத்தில் வைத்தார்.

அதன்பின் சாமுவேல் கிரிட்லி ஹௌவிடமும் ஹொரேஸ் மானிடமும் பேசினார். மான்தான் வூஸ்டரில் மாநில மருத்துவமனை (1833) வரக் காரணமானவர். மற்ற ஊர்களிலும் இப்படித்தானா என்ற கேள்விக்குப் பதில் யாரிடமும் எழுத்தில் இல்லை. அந்தப் பதிலைத் திரட்ட டிக்ஸ் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு செலவழித்தார். சிறைகள், திருத்த இல்லங்கள், ஏழையர் விடுதிகள் என்று ஊர் ஊராக, பெரும்பாலும் தனியாகப் போய், பார்த்ததைக் குறிப்பேட்டில் எழுதினார்.

1843 ஜனவரியில் மனு தயார். அப்போது சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஹௌ அதை அவையில் வைத்தார். மனு அவர் தலைமை வகித்த குழுவுக்கே போனது. வூஸ்டர் மருத்துவமனையை விரிவாக்க அந்த ஆண்டே தீர்மானம் நிறைவேறியது.

#3 · கணக்குப்புள்ளி

சுவடிக்கட்டு சொன்னதற்கு அடியில் ஒரு பணக் கணக்கு ஓடுகிறது. அதைப் பார்க்காவிட்டால் நோயாளிகள் ஏன் சிறையில் கிடந்தார்கள் என்பதே புரியாது.

மாசசூசெட்ஸில் பழைய ஆங்கில ஏழையர் சட்டத்தின் வழக்கம் நீடித்தது. எந்த ஊரில் ஒருவருக்கு ‘குடியுரிமைப் பாத்தியதை’ இருக்கிறதோ அந்த ஊர்தான் அவருக்கான செலவைச் சுமக்க வேண்டும். வூஸ்டருக்கு அனுப்பினால் வாரா வாரம் ஊர்க் கணக்கிலிருந்து கட்டணம் போகும். உள்ளூர் ஏழையர் விடுதியில் வைத்தால் குறையும். குறைந்த தொகை கேட்பவருக்கு ஏழைகளை ஏலத்தில் விடும் வழக்கமும் பல ஊர்களில் இருந்தது. ‘இவரைப் பராமரிக்க எனக்கு இவ்வளவு போதும்’ என்று சொல்பவர் வீட்டுக் கொட்டகையில் அந்த மனிதர் கிடப்பார்.

இன்னொரு முடிச்சும் உண்டு. வூஸ்டர் நிறைந்துவிட்டால் குணமாகாதவர்கள் என்று கருதப்பட்டவர்களைத் திருப்பி அனுப்பச் சட்டத்தில் வழி இருந்தது. புதிய நோயாளிக்கு இடம் வேண்டுமானால் பழையவர் வெளியேற வேண்டும். வெளியேறியவர் சிறைக்கோ விடுதிக்கோ திரும்புவார். டிக்ஸ் பார்த்த பலர் மருத்துவமனையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்தவர்கள்தான். மனுவில் கான்கார்டு ஊருக்கான குறிப்பு அப்படித்தான் தொடங்கும்: மருத்துவமனையிலிருந்து வந்த பெண், ஏழையர் விடுதியில் கூண்டில்.

ஆகவே அவர் எதிர்த்தது கல்நெஞ்சத்தை மட்டுமல்ல, சிக்கனத்தையும். சிக்கனத்தை எதிர்ப்பதுதான் கடினம்.

#4 · சுவடிக்கட்டு

கணக்குப்புள்ளி சொன்ன கான்கார்டு வரிக்கு அடுத்தடுத்து வருபவற்றையும் வைக்கிறேன். மனுவின் பலம் அந்த நடையில் இருக்கிறது. பொருளை மட்டும் தமிழில் தருகிறேன்:

லிங்கன். கூண்டில் ஒரு பெண்.
மெட்ஃபர்ட். மனவளர்ச்சி குன்றிய ஒருவர் சங்கிலியில். இன்னொருவர் 17 ஆண்டுகளாக அடைத்த தொழுவில்.
பெப்பரெல். ஒருவர் அடிக்கடி கைக்கும் காலுக்கும் இரட்டைச் சங்கிலியில். வேறொருவர் மூர்க்கம். பலர் இப்போது அமைதி.
புரூக்ஃபீல்டு. கூண்டில் ஓர் ஆண், வசதியாக.
கிரான்வில். ஒருவர் அடிக்கடி இறுக்கி அடைக்கப்படுகிறார். நடமாட்டம் இல்லாமல் கை கால் செயலிழந்து வருகிறது.

ஊர்ப் பெயர், அதன்பின் ஒன்றிரண்டு வரி, உடனே அடுத்த ஊர். பெயரடை மிகக் குறைவு. புரூக்ஃபீல்டு வரியைப் பாருங்கள். ‘வசதியாக’ என்று எழுதத் தயங்கவில்லை. நல்லதை நல்லது என்று எழுதியதால் மற்ற வரிகளை நம்ப வேண்டியதாகிறது. அவையில் உட்கார்ந்திருந்த ஒவ்வொரு உறுப்பினரும் தன் ஊர்ப் பெயர் எப்போது வரும் என்று காத்திருந்திருப்பார்.

‘கூண்டுகளில், அறைப்பொந்துகளில், நிலவறைகளில், தொழுவங்களில், பட்டிகளில்’ என்று அடுக்கும் புகழ்பெற்ற வாக்கியம் முன்பகுதியில் வருகிறது. எல்லோரும் அதை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். என்னைக் கேட்டால் அந்த அடுக்கைவிட ‘லிங்கன். கூண்டில் ஒரு பெண்’ என்பதற்குத்தான் கனம் அதிகம்.

#5 · எதிர்க்கரை

மனு அப்படியே ஏற்கப்பட்டது போல் எழுதுகிறீர்கள். எதிர்ப்பு இருந்தது. டேன்வர்ஸ் ஏழையர் விடுதியின் மேற்பார்வையாளர்கள் மறுப்பு வெளியிட்டார்கள். வேறு ஊர்களும் சேர்ந்துகொண்டன. அவசரமாக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர் முழு நிலைமையையும் எழுதிவிட்டதாக எப்படிச் சொல்லலாம் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயமே இல்லையா? டிக்ஸ் மருத்துவர் அல்லர். ஒரே வருகையில் பார்த்ததை நிரந்தர நிலைபோல எழுதினால் அங்கே வேலை செய்பவர்களுக்கு அது அநியாயம்தான்.

#6 · சுவடிக்கட்டு

எதிர்க்கரை, உங்கள் கேள்வி சரியானது, ஒதுக்க முடியாது. இரண்டு விஷயம் சொல்கிறேன்.

ஒன்று, ஹௌவின் நண்பரும் வழக்கறிஞருமான சார்ல்ஸ் சம்னர் அந்த இடங்களில் சிலவற்றை நேரில் பார்த்துவிட்டு, டிக்ஸ் எழுதியது உண்மை என்று ஹௌவுக்கு எழுதினார். ஆக, சாட்சி அவர் ஒருவர் மட்டும் அல்ல.

இரண்டு, மனுவிலேயே அவர் காவலர்களையும் மேற்பார்வையாளர்களையும் பற்றி ஒரு வரம்பு கட்டுகிறார். இவர்களில் பெரும்பாலோர் தவறியது கொடுமை மனத்தால் அல்ல, திறமையும் அறிவும் போதாமையால் என்கிறார். சிறை என்பது மருத்துவமனை அல்ல, சிறைக்காரரிடம் மருத்துவரின் வேலையை எதிர்பார்ப்பதே பிழை என்பதுதான் வாதம். ஆனால் ஊர்ப் பெயரை அச்சில் பார்த்தவர்களுக்கு அந்த வரி கண்ணில் பட்டிருக்காது.

உங்கள் வாதத்தில் நான் ஏற்கும் பகுதி: டேன்வர்ஸ் பெண்ணைப் பற்றிய பத்தியில் அவர் வெறும் பதிவாளராக நிற்கவில்லை. கம்பிகளைப் பற்றிக்கொண்டு, தன் தோலைத் தானே பிய்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண்ணின் காட்சி வாசிப்பவரை உலுக்கவே எழுதப்பட்டது. பதிவும் வாதமும் கலந்த எழுத்து அது. இரண்டையும் பிரித்துப் படிக்கத்தான் வேண்டும்.

#7 · தறிநாடா

ரோட் ஐலண்டில் அவர் உத்தியை மாற்றினார் என்பதையும் சேர்க்க வேண்டும். அங்கே ஊர் வரிசை இல்லை. ஒரே ஒரு மனிதர்தான், ஏப்ரம் சிம்மன்ஸ்.

1844 ஏப்ரலில் பிராவிடன்ஸ் நாளிதழில் கட்டுரை வந்தது. லிட்டில் காம்ப்டன் ஊரில் சன்னல் இல்லாத, முழுக்கக் கல்லால் கட்டிய சிறு அறை. இரட்டை இரும்புக் கதவு. உள்ளே வைக்கோல் படுக்கை. காலில் மாட்டுச் சங்கிலி. பார்த்துக்கொண்ட வீட்டுக்கார அம்மா சொன்னதை டிக்ஸ் அப்படியே பதிவு செய்தார்: குளிர்காலத்தில் சில விடியல்களில் என் கணவர் அரை புஷல் உறைபனியை வாரி வெளியே கொட்டுவார், ஆனாலும் இவர் விறைத்துப்போவதில்லை. அரை புஷல் என்றால் சுமார் 18 லிட்டர். ஒரு மனிதர் படுத்திருந்த அறைக்குள்ளிருந்து அத்தனை பனி. கதவு ஏன் இரட்டை என்றால், முன்பு அவர் பயங்கரமாக அலறுவார், சத்தம் வெளியே கேட்கக் கூடாது என்பதற்காக.

அந்த அம்மாவைக் கொடியவராக டிக்ஸ் காட்டவில்லை. பேச விட்டார், அவ்வளவுதான். வாசகர் தாமே முடிவுக்கு வந்தார்கள்.

பணம் வந்த வழியும் வேறு. சைரஸ் பட்லர் என்ற செல்வந்தர் 40,000 டாலர் தர ஒப்புக்கொண்டார், அதே அளவு தொகையை மற்றவர்களிடமும் திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. 1847-இல் பிராவிடன்ஸில் பட்லர் மருத்துவமனை திறந்தது.

#8 · ஏடகம்

தறிநாடா, அந்த 18 லிட்டர் கணக்கு இனி மறக்காது.

சட்டமன்றத்துக்குள் போகாமலே உறுப்பினர்களை எப்படி மாற்றினார் என்பதை யாராவது எழுதுங்கள். நியூ ஜெர்சி அதற்கு நல்ல உதாரணம் என்று நினைக்கிறேன்.

#9 · தறிநாடா

ஆமாம், 1845 நியூ ஜெர்சி.

மனுவை மாநில செனட்டர் ஜோசப் டாட் அவையில் வைத்தார். டிக்ஸ் தங்கியிருந்த வீட்டின் கூடத்துக்கு மாலை நேரங்களில் உறுப்பினர்கள் 15, 20 பேராக வருவார்கள். அவர் பேசுவார், கேள்விக்குப் பதில் சொல்வார், குறிப்பேட்டைத் திறந்து காட்டுவார். இதெல்லாம் வீண் கூத்து என்று அவையில் முழங்கிய ஒரு கிராமத்து உறுப்பினர் ஒன்றரை மணி நேரம் கேட்டுவிட்டு, என்னை ஜெயித்துவிட்டீர்கள், மருத்துவமனைக்கே என் ஓட்டு என்று சொல்லிப் போனதை டிக்ஸ் கடிதத்தில் எழுதியிருக்கிறார்.

மனுவில் ஒரு நுட்பம். நியூ ஜெர்சியின் சேலம் மாவட்ட ஏழையர் விடுதியின் அடித்தள அறையில் கட்டிலில் கிடந்த ஒரு முதியவரைக் குறிப்பிடுகிறார். ஒரு காலத்தில் நீதிபதியாகவும் சட்டமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். அவையில் பலருக்கு அவரைத் தெரியும். ஏழைக்கு வருவது நமக்கு வராது என்ற எண்ணத்தை அந்த ஒரு பத்தி உடைத்துவிட்டது.

1845 மார்ச்சில் சட்டம். 1848 மே 15-இல் ட்ரென்டன் மருத்துவமனை திறப்பு. அதை டிக்ஸ் தன் ‘தலைப்பிள்ளை’ என்பார். மற்ற இடங்களில் ஏற்கெனவே இருந்ததை விரிவாக்கினார்கள் அல்லது மற்றவர்கள் தொடங்கியதற்கு அவர் கை கொடுத்தார். இங்கே ஒன்றுமில்லாத நிலத்திலிருந்து எழுப்பப்பட்டது.

வட கரோலினாவில் (1848) நடந்ததையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்ட தொகை 1,00,000 டாலர், மசோதா தோற்றது. அதே விடுதியில் ஜேம்ஸ் டாபின் என்ற உறுப்பினரின் மனைவி லூயிசா மரணப் படுக்கையில் இருந்தார். டிக்ஸ் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டார். மசோதாவுக்காகப் பேசுங்கள் என்று கணவரிடம் லூயிசா கேட்டுக்கொண்டார். அடக்கம் முடிந்து அவைக்குத் திரும்பிய டாபின் பேச, மசோதா நிறைவேறியது. நெஞ்சைத் தொடுவது உண்மைதான். ஆனால் இதை வைத்து அவர் வெற்றிக்கெல்லாம் உருக்கமே காரணம் என்று எழுதுபவர்கள், முந்தைய மாதங்களில் அவர் மாவட்டம் மாவட்டமாகச் சேர்த்த விவரங்களை விட்டுவிடுகிறார்கள்.

#10 · மராமத்து

கட்டடத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. மருத்துவமனை வேண்டும் என்று சட்டமன்றம் சொன்னால் போதாது. எப்படிப்பட்ட மருத்துவமனை என்று யாராவது சொல்ல வேண்டும். அதைச் சொன்னவர் பிலடெல்பியா மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் தாமஸ் கிர்க்பிரைடு. ட்ரென்டன்தான் அவர் திட்டப்படி எழுந்த முதல் கட்டடம்.

1844-இல் மனநல மருத்துவமனைகளை நடத்திய 13 கண்காணிப்பாளர்கள் பிலடெல்பியாவில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். 1851-இல் அந்தச் சங்கம் கட்டுமானத்துக்கு 26 விதிகளை ஏற்றது. முக்கியமானவை:

இடம் பெரிய நகரத்திலிருந்து 2 மைலுக்குக் குறையாமல் தள்ளி, ஆனால் எல்லாப் பருவத்திலும் போய்வரக் கூடியதாக இருக்க வேண்டும். மாநில மருத்துவமனைக்குக் குறைந்தது 100 ஏக்கர். தினமும் 10,000 கேலன் தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்ற வசதி. ஒரு கட்டடத்தில் உச்சவரம்பு 250 பேர், 200 என்றால் இன்னும் நல்லது. ஆண்களுக்கு 8 வார்டு, பெண்களுக்கு 8 வார்டு. ஒவ்வொன்றிலும் கூடம், சாப்பாட்டறை, சமையலறையிலிருந்து உணவு மேலே வர ஒரு சிறு தூக்கி, சமையலறையோடு பேச ஒரு பேச்சுக்குழாய். ஒருவர் தங்கும் அறை 8-க்கு 10 அடிக்குக் குறையக் கூடாது. கூரை உயரம் 12 அடி. வார்டுக்குக் குறைந்தது 2 உதவியாளர்.

250 பேரை 16 வார்டுக்குப் பிரித்தால் வார்டுக்கு 15, 16 பேர். இரண்டு உதவியாளர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடக்கூடிய அளவு. இந்த விதிகளில் எனக்கு மிகப் பிடித்தது இந்தக் கணக்குதான். சிகிச்சை என்று அப்போது இருந்ததே ஒழுங்கான நாள், வேலை, நடை, தூக்கம், அன்பாகப் பேசும் ஆள் என்பவைதான். ஆள் குறைந்தால் சிகிச்சையே இல்லை.

வடிவம்: நடுவில் நிர்வாகக் கட்டடம், இரு பக்கமும் சிறகுகள். ஒவ்வொரு சிறகும் முந்தையதற்குச் சற்றுப் பின்னால் தள்ளி நிற்கும், மேலிருந்து பார்த்தால் பறக்கும் வாத்துக் கூட்டம் போல. அப்படித் தள்ளி வைப்பதால் ஒவ்வொரு வார்டின் கடைசிச் சுவரிலும் சன்னல் வைக்கலாம், வெளிச்சமும் காற்றும் ஊடறுத்துப் போகும். அமைதியானவர்கள் நடுப்பகுதிக்கு அருகில், சத்தம் போடுபவர்கள் கடைசிச் சிறகில். குணமாகக் குணமாக உள்நோக்கி நகர்வார்கள்.

பிசகியது எங்கே? 1866-இல் அதே சங்கம் உச்சவரம்பை 600 ஆக்கியது. வார்டுகளின் அகன்ற நடைகூடம் நோயாளிகள் நடமாடுவதற்காக வைத்தது. நெரிசல் வந்ததும் முதலில் கட்டில் போட்டது அங்கேதான். நடைகூடம் போனதும் அமைதியானவர், சத்தம் போடுபவர் என்ற பிரிவினை போயிற்று. பிரிவினை போனதும் கட்டடத்தின் மொத்த யோசனையும் போயிற்று.

#11 · எதிர்க்கரை

மராமத்து எழுதியது அருமை. ஆனால் நெரிசலுக்கு ஒரு பங்கு பொறுப்பு டிக்ஸின் பக்கமும் இருக்கிறது என்பேன். சீக்கிரம் சேர்த்தால் பத்தில் எட்டு, ஒன்பது பேர் குணமாவார்கள் என்று கண்காணிப்பாளர்கள் சொன்னதை அவர் மனுக்களில் ஏற்றினார். இப்போது கட்டினால் பின்னால் செலவு மிச்சம் என்று சட்டமன்றங்களுக்குக் கணக்குக் காட்டினார். அந்த எண்கள் தவறு.

எப்படித் தவறு என்றால், ஒருவர் குணமாகி வெளியேறி, மீண்டும் நோய் வந்து சேர்ந்து, மறுபடி வெளியேறினால் இரண்டு குணம் என்று எழுதினார்கள். சதவீதத்தைப் புதிய நோயாளிகளை மட்டும் வைத்துப் போட்டார்கள், அல்லது இறந்தவர்களைக் கழித்துவிட்டுப் போட்டார்கள். பிளைனி எர்ல் என்ற கண்காணிப்பாளரே 1870-களில் இதை அறிக்கை அறிக்கையாகப் பிரித்துக் காட்டினார்.

வாக்குறுதி பொய்த்ததும் சட்டமன்றங்களுக்கு ஆர்வம் குறைந்தது. குணப்படுத்தும் இடமாகத் தொடங்கியது வைத்துக்கொள்ளும் இடமாயிற்று.

#12 · கணக்குப்புள்ளி

எண்கள் தவறு என்பது சரி. டிக்ஸ் அவற்றை உருவாக்கவில்லை, துறையின் பெரியவர்கள் அச்சிட்டதை எடுத்தாண்டார் என்பதும் சரி. ஆனால் நெரிசலுக்கு அதைவிடப் பெரிய காரணம் உண்டு.

கட்டுவதற்கு ஒருமுறை பணம் போதும். நடத்துவதற்கு ஒவ்வொரு ஆண்டும் வேண்டும். டிக்ஸின் மனுக்கள் முதலாவதை வாங்கித் தந்தன. இரண்டாவதை யார் தருவது என்பதில் மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் இழுபறி தீரவில்லை. முழுச் செலவையும் மாநிலம் ஏற்ற இடங்களில் மாவட்டங்கள் தங்கள் ஏழையர் விடுதியில் இருந்த வயோதிகர்களை மருத்துவமனைக்கு மாற்றின. நியூயார்க்கில் 1890 சட்டத்துக்குப் பின் இது தெளிவாக நடந்தது. முதுமையில் மூளை தளர்ந்தவர்கள், சிஃபிலிஸ் முற்றி மூளையைத் தாக்கியவர்கள் என்று, அந்தக் கால வைத்தியத்தால் குணமாக்கவே முடியாதவர்களால் வார்டுகள் நிறைந்தன.

1843-இல் செலவு குறையட்டும் என்று ஊர்கள் நோயாளியைத் தொழுவில் வைத்தன. 50 ஆண்டுகளுக்குப் பின் செலவு குறையட்டும் என்று மாவட்டங்கள் மருத்துவமனைக்குத் தள்ளின. திசைதான் மாறியது.

#13 · ஏடகம்

நடத்தும் செலவை டிக்ஸ் யோசிக்கவில்லை என்று சொல்ல முடியுமா? கூட்டாட்சி நில மசோதா அதற்காகத்தானே?

#14 · கணக்குப்புள்ளி

சரியாகப் பிடித்தீர்கள். அது அவர் வாழ்க்கையின் மிகப் பெரிய முயற்சி, மிகப் பெரிய தோல்வியும் கூட.

1848 ஜூனில் அமெரிக்கக் காங்கிரசுக்கு மனு: 50 லட்சம் ஏக்கர் பொது நிலம் வேண்டும். உரிய கவனிப்பில்லாத 9,000-க்கும் மேற்பட்டவர்களைத் தானே நேரில் பார்த்திருப்பதாக அதில் எழுதினார். பின்னால் கோரிக்கை 1 கோடியே 22 லட்சத்து 25 ஆயிரம் ஏக்கராக வளர்ந்தது. 1 கோடி மனநோயாளிகளுக்கு, மீதி காது கேளாதோருக்கு. நிலத்தை விற்று வரும் பணத்தை முதலீடு செய்து, முதலைத் தொடாமல் வட்டியில் ஏழை நோயாளிகளைப் பராமரிக்க வேண்டும். அரசு நிலத்தின் குறைந்தபட்ச விலை அன்று ஏக்கருக்கு 1.25 டாலர். அந்த விலையில் 1 கோடி ஏக்கர் என்றால் 1.25 கோடி டாலர் நிரந்தர நிதி. யோசித்துப் பாருங்கள், ஆண்டுதோறும் சட்டமன்ற வாசலில் நிற்க வேண்டிய நிலையே அதனால் குறைந்திருக்கும்.

ஒருமுறை கீழவை நிறைவேற்றியது, மேலவை விட்டது. மறுமுறை மேலவை நிறைவேற்றியது, கீழவை விட்டது. அப்போது அதிபராக இருந்த ஃபில்மோர் டிக்ஸின் நண்பர். இரண்டு அவையும் அன்றே ஒத்துவந்திருந்தால் அவர் கையெழுத்திட்டிருப்பார் என்று நம்ப இடமுண்டு. 1854-இல் இரண்டும் நிறைவேற்றியபோது நாற்காலியில் இருந்தவர் ஃபிராங்க்ளின் பியர்ஸ். மே 3-இல் மறுத்துத் திருப்பி அனுப்பினார்.

பியர்ஸ் சொன்ன காரணம்: நாடு முழுவதற்கும் கூட்டாட்சி அரசு தர்மகர்த்தா ஆவதற்கு அரசியல் சட்டத்தில் இடமில்லை. மனநோய் உள்ள ஏழைக்குக் கொடுத்தால் மற்ற ஏழைக்கும் கொடுக்க வேண்டிவரும், மாநிலங்கள் தங்கள் கடமையைக் கைவிடும். அவர் வாதத்தை நேர்மையாகவே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் 1850-இல் இல்லினாய் சென்ட்ரல் ரயில் பாதைக்குச் சுமார் 25 லட்சம் ஏக்கர் கொடுக்க அதே அரசியல் சட்டம் இடம் கொடுத்தது. 1862-இல் கல்லூரிகளுக்கு நிலம் கொடுக்கவும் இடம் கொடுத்தது. பியர்ஸின் மறுப்பை மீற மேலவையில் போதிய ஓட்டு கிடைக்கவில்லை.

தலைநகரில் மட்டும் ஒரு மருத்துவமனை வந்தது. 1852-இல் 1,00,000 டாலர் ஒதுக்கி, 1855-இல் திறந்த அரசு மருத்துவமனை, பின்னாளில் செயின்ட் எலிசபெத்ஸ். இடத்தைத் தேர்ந்தெடுத்ததிலும் முதல் கண்காணிப்பாளராக சார்ல்ஸ் நிக்கல்ஸ் வந்ததிலும் டிக்ஸின் கை உண்டு.

#15 · தறிநாடா

மறுப்புக்குப் பின் அவர் ஐரோப்பா போனார். ஓய்வுக்கு என்றுதான் போனது. 1855-இல் ஸ்காட்லாந்தில் மசல்பரோ பக்கம் லாபத்துக்கு நடத்திய தனியார் விடுதிகளைப் பார்த்துவிட்டு, எடின்பரோ அதிகாரிகள் ஒத்துழைக்காததால் லண்டனுக்கு ரயிலேறி, உள்துறை அமைச்சர் ஜார்ஜ் கிரேயைச் சந்தித்தார். அந்த ஆண்டே அரச விசாரணைக் குழு, 1857-இல் ஸ்காட்லாந்துக்குத் தனிச் சட்டம், கண்காணிக்கும் வாரியம். ரோமில் போப் ஒன்பதாம் பயஸையும் சந்தித்து அங்கிருந்த விடுதியின் நிலைமையைச் சொன்னார்.

கவனியுங்கள், ஸ்காட்லாந்தில் கிடைத்தது கட்டடம் அல்ல, மேற்பார்வை. அமெரிக்காவில் அவர் விட்டுவிட்டதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டி முடித்த மருத்துவமனையை வெளியாள் ஒருவர் வந்து சோதிக்கும் ஏற்பாட்டை அவர் மனுக்கள் அவ்வளவு வலியுறுத்தவில்லை. கண்காணிப்பாளர்கள் மேல் அவருக்கு அளவு கடந்த நம்பிக்கை.

#16 · எதிர்க்கரை

அந்த நம்பிக்கைக்கு ட்ரென்டன் கொடுத்த விலையை இங்கே பதிவு செய்ய வேண்டும். அவருடைய தலைப்பிள்ளை அது. 1907 முதல் 1930 வரை அங்கே கண்காணிப்பாளர் ஹென்றி காட்டன். உடம்பில் ஒளிந்திருக்கும் கிருமித் தொற்றுதான் மனநோய்க்குக் காரணம் என்று நம்பி நோயாளிகளின் பற்களைப் பிடுங்கினார், பிறகு டான்சில், பிறகு பெருங்குடல். பலர் இறந்தார்கள். 1920-களில் விசாரணைகள் வந்தும் அவரை யாரும் நிறுத்தவில்லை. சங்கிலியிலிருந்து மீட்க எழுப்பிய கட்டடத்தில், வெளியே தெரியாமல் இது நடந்தது.

இன்னொரு மௌனமும் உண்டு. தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கான மைல் பயணம் செய்தவர் அடிமை முறையைப் பற்றி வாய் திறக்கவில்லை. மனநோய் நாகரிக வாழ்வின் விளைவு, அடிமைகளிடம் அரிது என்ற அக்காலக் கருத்தை அவரும் எழுதினார். தென் மாநிலச் சட்டமன்றங்களின் ஓட்டு வேண்டும் என்பதற்காக மௌனம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். என்னால் அதை முழுமையாக ஏற்க முடியவில்லை. கூண்டைக் கண்டு கொதித்தவருக்கு ஏலமேடை கண்ணில் படாமல் இருந்திருக்காது.

#17 · சுவடிக்கட்டு

ஏற்கிறேன். அவரை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் சொல்ல வேண்டும்.

#18 · வெள்ளைத்தலைப்பாகை

உள்நாட்டுப் போர்க்காலச் செவிலியர் பணியை விட்டுவிட்டீர்கள், சுருக்கமாகச் சேர்க்கிறேன். 1861 ஜூனில் வடக்குப் படையின் செவிலியர் கண்காணிப்பாளர் ஆனார். 1862 ஜூலையில் அவர் விட்ட சுற்றறிக்கை: வயது 35-க்கும் 50-க்கும் இடையில், உடை பழுப்பு, சாம்பல் அல்லது கறுப்பு, நகை, சுருள்முடி, வளையம் வைத்த பாவாடை கூடாது. கூலி நாளுக்கு 40 சென்ட், உணவும் உண்டு, மாதம் 12 டாலர். தனக்குச் சம்பளம் வாங்கவில்லை.

3,000-க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்தார். ஆனால் படை மருத்துவர்களோடு ஓயாத மோதல். மனு எழுதுவதில் ஜெயித்த குணமே இங்கே எதிராகத் திரும்பியது. தனியாகப் பார்த்து, தனியாகத் தீர்மானித்து, மேலிடத்தில் நேராகப் பேசுவது அவர் பழக்கம். ஆயிரம் பேரை நடத்தும் நிர்வாகத்துக்கு அது ஒத்துவராது. கத்தோலிக்கக் கன்னியரைச் சேர்க்கவும் தயங்கினார், அனுபவத்தில் மிகுந்தவர்கள் அவர்கள்தான். 1863 அக்டோபரில் போர்த்துறையின் 351-ஆம் உத்தரவு வந்ததும் நியமன அதிகாரம் அவர் ஒருவரிடம் இல்லாமல் போனது. 1866 வரை பொறுப்பில் இருந்தார். இதைத் தன் வாழ்க்கைப் பணியாக அவர் கருதவில்லை. போர் முடிந்ததும் மறுபடி மருத்துவமனைகளைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

#19 · ஏடகம்

எல்லோருக்கும் நன்றி. முதல் பதிவில் நான் எழுதிய ‘32 மருத்துவமனைகள் கட்டினார்’ என்பதை எப்படித் திருத்தலாம்? கலைக்களஞ்சியக் குறிப்பு ஒன்றைச் சரிசெய்ய வேண்டியிருக்கிறது.

#20 · சுவடிக்கட்டு

‘32 மருத்துவமனைகள் தோன்றவோ விரிவடையவோ காரணமாக இருந்தவர் என்று பொதுவாகக் கணக்கிடப்படுகிறது’ என்று எழுதுங்கள். வூஸ்டர் விரிவாக்கம். ட்ரென்டன் புதிது. பட்லர் தனியார் நன்கொடையில் எழுந்தது. மூன்றையும் ஒரே வினைச்சொல்லில் அடைக்கக் கூடாது.

பெயர் விஷயத்திலும் ஒரு திருத்தம். வட கரோலினாவில் ராலியில் எழுந்த மருத்துவமனைக்குத் தன் பெயர் வைக்க அவர் சம்மதிக்கவில்லை. மருத்துவரான தாத்தா எலைஜா டிக்ஸின் நினைவாகக் குன்றுக்கு ‘டிக்ஸ் ஹில்’ என்று பெயரிடத்தான் ஒப்புக்கொண்டார். அவர் பெயர் அந்த மருத்துவமனைக்கு வந்தது பிற்காலத்தில். 2012-இல் அது மூடப்பட்டு, நிலம் இப்போது பூங்கா.

கடைசி ஆண்டுகளையும் பல குறிப்புகள் ‘மருத்துவமனையில் நோயாளியாக இறந்தார்’ என்று எழுதிவிடுகின்றன. தவறு. 1881-இல் ட்ரென்டனில் அவர் தங்க நியூ ஜெர்சி அறைகள் ஒதுக்கித் தந்தது, விருந்தினராகவே இருந்தார். 1887 ஜூலையில் அங்கேயே இறந்தார். கேம்பிரிட்ஜில் மவுண்ட் ஆபர்ன் கல்லறையில் அடக்கம். முதல்முதலில் கணப்பு கேட்ட சிறை இருந்ததும் அதே கேம்பிரிட்ஜில்தான்.